படபடப்புக்கு முன் சீட்டு

மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவனுக்கு வளைவுகளை விடப் பெரிய தலைவலி முன் சீட்டுதான். ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் போடியில் பெண்களை ஏற்றி, மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவது என் சோலி. பின்னால் மூச்சுவிட இடம் இருக்காது. என் பக்கத்து சீட்டில் மட்டும் காற்று வரும். அந்த இடம் உடம்பு முடியாதவர்களுக்கு என்பது எங்கள் வண்டியில் வழக்கம். இப்படி ஒரு வழக்கம் இருந்தால் யாருக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கும்?

அதனால் ஒரு சட்டம் போட்டேன். படபடப்பு என்றால் நோய். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வேர்க்கும். அவர்களுக்கு முன் சீட்டு. பதட்டம் என்றால் மனக்கவலை. அதைப் பின்னால் உட்கார்ந்தும் படலாம்.

தூங்கிய மகன்

சிலமலை பேச்சியம்மாள் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். படபடப்பு என்றார். பாதி மலை ஏறிய பிறகுதான் விஷயம் வந்தது. தேவாரம் ஊரில் மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்குப் போன மகன் போனை எடுக்கவில்லையாம். அந்தப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகப் பேச்சாம்.

ஒரு வளைவில் சிக்னல் கிடைத்து மகனே கூப்பிட்டான். யானையும் இல்லை, ஒன்றும் இல்லை. காவல் பரணில் நன்றாகத் தூங்கிவிட்டானாம். அப்படியானால் இது பதட்டம், பின்னால் போங்கள் என்று வண்டியை ஓரங்கட்டினேன். பேச்சியம்மாள் அசையவே இல்லை.

“தூங்குனது அவந்தேன் அப்பு. எனக்கு இன்னும் நெஞ்சு அடங்கல. நீ வெரசா வண்டிய எடு.”

சூப்பர்வைசருக்கு வந்தால்

எஸ்டேட் சூப்பர்வைசர் ஒரு சாயங்காலம் எங்களோடு போடிக்கு இறங்கினார். கேட்காமலே முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரே மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ்சு வந்து உரசுகிற மாதிரி நின்றது. அவ்வளவுதான், மனிதர் வெலவெலத்துப் போனார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பிரசராக இருக்கும், வண்டியை நிறுத்து என்றார். நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

முந்தின வாரம்தான் காய் எடுக்கும்போது ஒரு பெண் இதே மாதிரி நெஞ்சைப் பிடித்தாள். அது வெறும் பதட்டம், வேலையைப் பார் என்று அனுப்பியவர் இவர். முத்துமாரி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். ஒருநாள்கூட முன் சீட்டுக் கேட்காதவள் அவள். வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

“சாருக்கு வந்தா பிரசரு, எங்களுக்கு வந்தா பதட்டமாண்ணே?”

இறங்கிய கூடைகள்

அந்த முத்துமாரிக்குத்தான் ஒருநாள் நிஜமாகவே வந்தது. முந்தின நாள் பூச்சி மருந்தடித்த காட்டில் காய் எடுக்க விட்டிருந்தார்கள். செடியெல்லாம் ஈரம், நின்றாலே குமட்டுகிற வாடை. வண்டியில் கண்ணயர்ந்திருந்த என்னை மத்தியானம் பெண்கள் வந்து எழுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அவள் சேலை வேர்வையில் நனைந்திருந்தது. வாயில் எச்சில் வடிந்தது, கை நடுங்கியது. பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓரிடத்தில் உட்காராமல் எழுந்து எழுந்து ஓடப் பார்த்தாள். என் சட்டப்படி இதில் பாதி நோய், பாதி கவலை. அதையா அப்போது பிரித்துக்கொண்டிருக்க முடியும்?

சூப்பர்வைசர் இதையும் பதட்டம் என்றார். ஒரு சாயா குடித்தால் சரியாகிவிடுமாம். காய் எடை போடாமல் வண்டி நகரக் கூடாதாம், நகர்ந்தால் நாளையிலிருந்து வேறு வண்டியாம். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முத்துமாரியைத் தூக்கி முன் சீட்டில் சாய்த்தேன். அவர் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். அப்போது பேச்சியம்மாள் தன் கூடையைக் கீழே வைத்தார். அதைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். ஒரு கூடைகூட இடுப்பில் மிஞ்சவில்லை. பேச்சியம்மாளே பேசினார்.

“அவளுக்குப் பதட்டம்னா எங்க எல்லாத்துக்கும் பதட்டந்தேன். சாயாவ நீங்களே குடிங்க சார், நாங்க மலை எறங்குறோம்.”

முன் சீட்டு யாருக்கு

சூப்பர்வைசர் விலகினார், வண்டி இறங்கியது. போடி ஆஸ்பத்திரியில் முதலில் அவள் துணியை மாற்றி உடம்பைக் கழுவினார்கள், பிறகு ஊசி. பூச்சி மருந்து உடம்பில் ஏறினால் நெஞ்சும் படபடக்கும், மனமும் பதறும், இரண்டும் ஒரே விஷத்தின் வேலை என்றார் டாக்டரம்மா. நான் கஷ்டப்பட்டுப் பிரித்து வைத்த இரண்டையும் அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார். முத்துமாரி கண் விழித்து என்னை அடையாளம் கண்டதும் வராந்தாவில் போய் நின்று அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் சொன்னபடியே வேறு ஜீப்பு வந்தது. ஒருத்தியும் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் அது காலியாகத்தான் மலையேறியது. பழுத்த காய் செடியில் காத்திருக்காதே. சூப்பர்வைசரே எனக்குப் போன் போட்டு ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார். பெண்கள் ஒரே பேச்சாக நின்றார்கள். மருந்தடித்த காட்டில் டாக்டர் சொல்கிற கெடு முடியும்வரை கால் வைக்க மாட்டோம், சம்மதமென்றால் வருகிறோம். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார்.

முத்துமாரி தேறி வேலைக்கு வந்த அன்று முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

“அதுல சூப்பர்வைசர உக்கார வையிண்ணே. மருந்தடிக்கிற நாள்ல இனி பதட்டப்பட வேண்டியது அவருதேன்.”

ஆகவே சட்டத்தை மாற்றிவிட்டேன்: நெஞ்சைப் பிடிக்கிறவர் யாரானாலும் முன் சீட்டு, அதற்குப் பெயர் வைப்பது டாக்டர் பாடு, குறுக்கே நிற்கிறவருக்கு ஹாரன் அடிப்பது என் பாடு.