அண்ணனுக்கு வாங்கிய ப்ராசசர்

வாவியில் தோணி கவிழ்ந்து அண்ணன் இறந்த பிறகு, அவனுடைய கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. அவன் அதில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டே கேமும் ஆடுவான். பழைய ப்ராசசர் திணறும். புதிது போட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். அதையாவது செய்துவிட நினைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு ப்ராசசர்களை எடுத்து வைத்தார்.

"கேம் மட்டுமெண்டா இதுதான் வேகம், தங்கச்சி. ஒரே நேரத்தில ரெண்டு மூணு வேல செய்யிறதெண்டா மற்றது. அதில கோர் கூட, வேலையப் பிரிச்சுப் பிரிச்சுச் செய்யும். ஆருக்கு?"

"அண்ணனுக்கு."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. மற்றதையே வாங்கினேன். அவரே பொருத்தித் தந்தார்.

வீட்டில், அவன் பாதியில் விட்டிருந்த வீடியோவை ஓடவிட்டு, கேமையும் திறந்தேன். இரண்டும் திணறாமல் ஓடின. அவன் ஆசைப்பட்டது இதுதான். கேம் அவனுடைய பெயரிலேயே திறந்துகொண்டதை நான் யோசிக்கவில்லை.

அவனுடைய ஹெட்செட்டை மாட்டியதும், அவனோடு ஆடும் கூட்டாளிகளின் சிரிப்பும் பேச்சும் கேட்டு, சட்டென்று நின்றன. அண்ணனின் உடலைத் தூக்கிப்போனவர்களில் ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"மச்சான்... நீயா?"

மைக்கை அணைக்கத் தேடினேன். அதற்குள் அவனே சொன்னான்.

"நீ கடைசியா ஆடின அண்டைக்கு நிண்ட இடத்திலதான் நிக்கிறம். வா மச்சான்."

திரையில் அண்ணனின் ஆள் துப்பாக்கியோடு தனியாக நின்றிருந்தான். மைக்கை அணைத்துவிட்டு, அவனை அவர்களிடம் நடத்திக்கொண்டு போனேன். ஒருவரும் சுடவில்லை. விலகி அவனுக்கு இடம் விட்டார்கள்.