மெஷின்மேன் கொண்டுவந்த முன்சக்கரம்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போன நாட்கள் அநேகம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் எழுத வராது என்பதற்காகத் தள்ளிப்போடவில்லை. எழுதிவிட்டால் ஊரார் என்னை இதுவரை நினைத்த மாதிரி இனி நினைக்க மாட்டார்கள் என்ற பயம்தான். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. படைத்தவன் முன்னால் மறைக்க முடியாத ஒன்றை மனிதர்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த முன்சக்கரம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ரிம்மின் ஓரம் ஓரிடத்தில் கையளவு உள்ளே போயிருந்தது. அங்கிருந்த கம்பிகள் தளர்ந்து தொங்கின. ட்யூப் கிழிந்து வெளியே பிதுங்கியிருந்தது.

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் எனக்கு ஒரு சின்னக் கடை. மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது தொழில். வளைந்த ரிம்மை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட வேண்டும். எங்கே ஆடுகிறது என்று பார்த்து, ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கி, மறுபக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நேராக்க வேண்டும். நெளிவு பெரிது என்றால் முதலில் மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். இத்தனை வருடம் இதையே பார்த்ததில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரிம்மைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன். நிதானமாகப் போகிறவனுடைய ரிம் வருடக்கணக்கில் மெதுவாகக் கோணும். ஒரே இடத்தில் இடி வாங்கி உள்ளே போயிருந்தால் அவன் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன். இந்தக் கணக்கில் நான் தப்பியதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மெஷின்மேன் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் அச்சு மெஷின் ஓட்டியவர்; ஊரில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. என்னைவிடப் பத்து வயது இளையவர். காற்றுப் பிடிக்க வரும்போதெல்லாம் விரலிடுக்கில் நீலமோ பச்சையோ மை ஒட்டியிருக்கும். “இன்னிக்கி எந்தச் சாமி ஓடுது?” என்று கேட்பேன். “இன்னிக்கி முருகன், பாய். நாளைக்கு ஒங்க மக்கா. ரெண்டுக்கும் ஒரே பச்ச மைதான்” என்பார். அவருடைய மனைவி விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சில சாயங்காலங்களில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா மெஷின்மேன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று நண்பகல். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. கடையில் கம்ப்ரெசர் இரைந்துகொண்டிருந்ததால் வெளிச் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. மெஷின்மேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட்டது.

“என்ன மெஷின்மேன், ரோட்டுல ராக்கெட் விட்டீகளா? ரிம்மு அப்பளமாட்டம் நெளிஞ்சு போச்சே!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பாய், ஒங்க வண்டியக் குடுங்க. விஸ்வநத்தம் வரைக்கும் போய்ட்டு வந்துருதேன்.”

“எதுக்கு இம்புட்டு அவசரம்?”

“ஒரு சோலி, பாய்.”

என் வண்டி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருமுறை அவருடைய ரிம்மைப் பார்த்தேன். ஒருமுறை என் வண்டியைப் பார்த்தேன். இதையும் கொண்டுபோய் இதே மாதிரி ஆக்கிவிடுவார் என்று தோன்றிவிட்டது.

“சாவி வீட்டுல கெடக்குதே. தொழுதுட்டு வந்து எடுத்துத் தாரேன், இருங்க” என்றேன்.

“நானே வீட்டுக்குப் போயி வாங்கிக்கிடுதேன், பாய்.”

“வீடு பூட்டிக் கெடக்கும், மெஷின்மேன்.”

முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது பொய்யும் வந்துவிட்டது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் என் மனைவி இருந்தாள்.

பள்ளிவாசலில் கை கால் கழுவி ஒளு செய்து தொழுகையில் நின்றேன். ருகூவுக்குக் குனிந்தபோது சாவி பையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு தொழுகையை முடித்தேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது தெருவில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி நின்றால் ஏதோ பட்டாசுக் கம்பெனி வெடித்துவிட்டது என்று குழந்தைக்கும் தெரியும். “சத்தம் கேக்கலையா, பாய்? மெஷின்மேன் சம்சாரம் வேல பாக்குற கம்பெனியாம். மனுசன் அப்பவே பஸ் ஏறிப் போய்ட்டாரு” என்றார் டீக்கடைக்காரர்.

வெடிச் சத்தம் கேட்டுவிட்டால், அங்கே தன் ஆள் இருப்பவர் அந்த ஆளைப் பற்றி வாய் திறக்க மாட்டார். சொன்னால் பலித்துவிடும் என்று பயம். ‘ஒரு சோலி’ என்பார், ‘ஒரு எட்டுப் போய்ட்டு வாரேன்’ என்பார். அந்தச் சத்தம் கேட்டுப் பதறி ஓட்டி வந்ததில்தான் அவர் வண்டி பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்திருந்தது. நானும் இதே மண்ணில் பிறந்தவன்தான். அவர் முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். நான் ரிம்மைத்தான் பார்த்தேன்.

பஸ்ஸில் சிவகாசி போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது, மனைவியை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஏற்றும்வரை அந்தம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாராம். “அவுக வந்துட்டாகளா?” என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் அவர் போய்ப் பார்த்தபோது பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அந்தம்மா இறந்துபோனார்.

அந்த ரிம்மைத் தட்டி, கம்பி மாற்றி, ஆடாமல் சுற்றும்வரை ஒரு முழு நாள் உட்கார்ந்து செய்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து எடுத்துக்கொண்டு போனார். நான் கூலி வாங்கவில்லை. அதன்பிறகு போகிற இடமெல்லாம் என்னைப் பற்றி நல்லதாகவே சொன்னார். “பாவம், பாய் தொழுகைக்குப் போற நேரம், சாவி வேற வீட்டுல மாட்டிக்கிடுச்சு. இல்லேன்னா குடுத்திருப்பாரு” என்று அவர் சொன்னதாக நாலு பேர் என்னிடமே வந்து சொன்னார்கள். பள்ளிவாசலிலும் அதைச் சொல்லி என்னை மெச்சினார்கள். தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து என் வண்டிச் சாவி கடை வாசலில் ஆணியில் தொங்குகிறது. யார் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு தரம் ரிம் நெளிந்து திரும்பி வந்திருக்கிறது. இருந்தும் மனம் ஆறவில்லை. போன நோன்பில்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “அல்லாட்ட எம்புட்டு அழுதாலும் அது அல்லாவுக்கும் ஒங்களுக்கும் உள்ளது. மனுசருக்குச் செஞ்சதுக்கு அந்த மனுசர்ட்டயில்ல மன்னிப்புக் கேக்கணும்? போய்ட்டு வாங்க” என்றாள்.

போனேன். மெஷின்மேன் இப்போது வேலைக்குப் போவதில்லை. மகள் வீட்டில் இருக்கிறார். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன்.

“சாவி சட்டப் பையில துருத்திக்கிட்டு இருந்துச்சே, பாய். அன்னிக்கே பாத்துட்டேன்” என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். “பெறகு எல்லார்ட்டயும் ஏன் அப்படிச் சொன்னீக?”

“நான் மட்டும் வாயத் தொறந்தேனா? எம் பொண்டாட்டி அங்கன இருக்கான்னு ஒத்த வார்த்த சொல்லிருந்தா, நீங்க சாவியத் தூக்கி எறிஞ்சிருப்பீக. பலிச்சிருமோன்னு பயந்து நான் சொல்லல. ஒங்களப் பத்தி உள்ளதச் சொன்னா, என்னப் பத்தியும் சொல்லணுமே, பாய்.”

அவருடைய மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது என்பது புரிந்தது.

“உள்ளத எழுதிப்புடலாமா, மெஷின்மேன்?” என்று கேட்டேன்.

“எழுதுங்க. ரெண்டு பேரு செஞ்சதையும் எழுதுங்க” என்றார். “மொதல்ல டீயக் குடிங்க, ஆறிப் போகும்.”

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் பிறரிடம் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வண்டி எதற்கு என்ற காரணத்தை அவர் சொல்லவில்லை. அதை அவரே சொல்லச் சொன்னார், விட்டுவிடாதீர்கள். அதற்காக அவர்மேல் பழி போட்டுவிடவும் வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டுத் தொழுகையைக் காரணமாகச் சொல்லாதீர்கள். பாங்கு சொல்லியிருந்தாலும் தொழுகை தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. அவர் கேட்டார். இல்லை என்றேன்.