பாக்குவெட்டியில் பிளந்த மாத்திரை

கடியப்பட்டணம் கரையில் மீன் ஏலம் விளிப்பவர் ததேயுஸ். வள்ளங்கள் கரையேறி மீனை மணலில் கொட்டியதும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், நடுவில் அவர் நிற்பார். கடைசியாகக் கேட்ட விலையைச் சொல்லி, "ஒண்ணாந்தரம், ரெண்டாந்தரம், மூணாந்தரம்" என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் குரல் ஊர்க்கோடியில் சிலுவை நிற்கும் குருசடி வரைக்கும் கேட்கும். வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். இருக்கிற பேச்சையெல்லாம் கரையிலேயே செலவழித்துவிட்டு வருகிறார் என்று அவருடைய மனைவி சலேத்தம்மாள் அதை ஏற்றுக்கொண்டிருந்தாள்.

1953-ஆம் ஆண்டு சாளை மீன் நிறையப் பட்ட ஒரு காலையில், "ரெண்டாந்தரம்" என்று சொன்ன ததேயுஸ் அடுத்ததைச் சொல்லவில்லை. வியாபாரிகள் காத்திருந்தார்கள். விலையை ஏற்றுவதற்காக இப்படி நிறுத்துவது அவருடைய வழக்கம்தான். கிருஷ்ணமணி என்ற வியாபாரி, சரக்கு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, யாரும் போட்டிக்கு வராமலே தன் விலையைத் தானே ஏற்றினார். ததேயுஸின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அவர் மீன் குவியலின் மேலேயே சாய்ந்தார்.

வைத்தியரை அழைப்பதா, குருவானவரை அழைப்பதா என்று கரையில் இரண்டு கட்சியானது. இருவரையும் அழைத்தார்கள். குருவானவர் சாகக்கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வைத்தியரும் நாடியைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். கிருஷ்ணமணி தன் லாரியைத் தந்தார். ஏலம் முடியாத சாளையும் அதே லாரியில் நாகர்கோவிலுக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொன்னுலிங்கம், ததேயுஸின் முதுகுத்தண்டில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்தார். கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கவேண்டிய அது சிவப்பாக இருந்தது. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று சலேத்தம்மாளிடம் சொன்னார். வலது கையும் காலும் விழுந்ததும் பேச்சு போனதும் அதனால்தான்.

"மருந்து உண்டா சாரே?"

"ரத்தக்கொதிப்பைக் குறைக்க ஒரு வேரிலிருந்து எடுத்த மாத்திரை இருக்கு. வெடிச்ச பிறகு அதைக் கொடுத்தா ஆள் பிழைப்பாரான்னு யாருக்கும் தெரியாது. அதைத்தான் இங்க சோதிச்சுப் பார்க்கிறோம். சிலருக்கு அந்த மாத்திரை, சிலருக்கு அதே மாதிரி இருக்கும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு சீட்டு எடுத்து முடிவு பண்ணுவோம்."

"தெரியாமலா குடுக்கீய?"

"தெரிஞ்சுக்கத்தான் கொடுக்கிறோம். உங்களுக்குச் சம்மதமில்லேன்னா விட்டுடலாம். மற்ற கவனிப்பு ஒண்ணும் குறையாது."

சலேத்தம்மாள் யோசித்தாள். சம்மதிக்காவிட்டால் மாவுகூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. சம்மதித்தாள்.

மாத்திரைகள் இரண்டு குப்பிகளில் இருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. எதில் மருந்து என்பது மருந்து கலக்கும் கம்பவுண்டர் ஒருவருக்குத்தான் தெரியும், டாக்டருக்கே தெரியாது. ததேயுஸுக்குச் சிவப்பு விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு சுசீந்திரத்து விவசாயி பகவதியப்பன் கிடந்தார். அவருக்கு நீலம்.

பகவதியப்பனின் மனைவி முத்துக்கனி முதல் நாளே சலேத்தம்மாளுக்குச் சுக்குக்காப்பி கொடுத்துப் பழகிவிட்டாள். இரண்டாம் நாள் இருவரும் மூடிகளைப் பற்றிப் பேசினார்கள்.

"சிவப்புதான் மருந்தா இருக்கும் யக்கா. மாவுக்கு யாராவது சிவப்பு மூடி போடுவாவளா?" என்றாள் முத்துக்கனி.

"நீலம் பாத்தா விலை கூடின குப்பி மாதிரி இருக்கு பிள்ளே."

இருவருக்கும் அன்று சோறு இறங்கவில்லை. தன் புருஷன் மருந்து சாப்பிட்டுப் பிழைத்து, அடுத்த கட்டில்காரர் மாவு தின்று செத்துப்போனால், அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? தன் புருஷனுக்கே மாவாக இருந்துவிட்டால்? முத்துக்கனி மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள்.

நர்ஸ் மாத்திரையை மனைவிகளின் கையில்தான் கொடுப்பாள், கஞ்சியோடு கொடுத்தால் நோயாளிகள் எளிதாக விழுங்குகிறார்கள் என்பதற்காக. அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரையும் சரிபாதியாகப் பிளக்கப்பட்டது. ததேயுஸுக்குப் பாதி சிவப்பு, பாதி நீலம். பகவதியப்பனுக்கும் அப்படியே. இதில் தவறு இருக்கிறது என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளில் பகவதியப்பன் எழுந்து உட்கார்ந்தார். ததேயுஸின் காலிலும் அசைவு வந்தது. ஒரு காலையில் நர்ஸ் அவரிடம், "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணாந்தரம்" என்றார் ததேயுஸ்.

சலேத்தம்மாள் ஓடிவந்தாள். "என்ன சொன்னிய? இன்னொருக்க சொல்லுங்க!"

"ரெண்டாந்தரம்."

அதற்கு மேல் வேறு வார்த்தை வரவில்லை. புதிதாகச் சொல்லவேண்டிய பேச்சு போய்விட்டது, பலமுறை சொல்லிப் பழகியது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். சொல்லச் சொன்னபோது, மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரமும் தடங்கலில்லாமல் வந்தது. பசித்தாலும் தாகமெடுத்தாலும் ததேயுஸ் ஏலத்தையோ மந்திரத்தையோ சொன்னார். சலேத்தம்மாள் புரிந்துகொண்டாள்.

இருவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முத்துக்கனி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ரெண்டு மருந்தும் நல்ல மருந்தாக்கும் சாரே."

டாக்டர் நின்றார். "ரெண்டுமா?"

பாக்குவெட்டியின் கதையை இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"உங்க ரெண்டு பேர் புருஷன்மாரையும் நான் எந்தக் கணக்குல வைக்கிறது?"

"நடுவுல வைங்க சாரே" என்றாள் சலேத்தம்மாள், உதவி செய்யும் எண்ணத்தோடு.

அதற்குப் பிறகு அந்த வார்டில் மாத்திரையை நர்ஸே ஊட்டினாள். விழுங்கியவர்கள் வாயைத் திறந்து காட்டவேண்டும் என்று ஆனது.

கரையில் ஏலம் விளிக்க ஜேசுதாஸ் என்ற இளைஞன் வந்துவிட்டான். விலை கேட்பதில் கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் குரலுக்கு யாரும் அடங்கவில்லை. மூணாந்தரம் சொன்ன பிறகும் தகராறு நடந்தது. ஒரு நாள் கம்பூன்றி வந்து நின்றுகொண்டிருந்த ததேயுஸ், அவன் திணறுவதைப் பார்த்துவிட்டு, தானே மூன்று தரத்தையும் விளித்து முடித்தார். குரல் பழைய குரலேதான். வியாபாரிகள் பேசாமல் கூடையை எடுத்தார்கள். அன்று முதல் விலை கேட்பது ஜேசுதாஸ், முடித்துவைப்பது ததேயுஸ் என்று ஏற்பாடானது.

பகவதியப்பன் ஒன்றரை வருடம் நடமாடினார். பிறகு மறுபடியும் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இறந்தார். சலேத்தம்மாள் துக்கம் விசாரிக்கத் துட்டி வீட்டுக்குப் போய் முத்துக்கனியோடு அழுதுவிட்டு வந்தாள்.

நம் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த 1956-ஆம் ஆண்டின் கடைசியில், பிழைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க டாக்டர் பொன்னுலிங்கம் கடியப்பட்டணம் வந்தார். ததேயுஸின் கையைத் தூக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். சோதனை முடிந்துவிட்டது என்றார்.

"மருந்து சாப்பிட்டவங்களும் மாவு சாப்பிட்டவங்களும் ஏறக்குறைய ஒரே அளவுலதான் பிழைச்சிருக்காங்க. கொதிப்பைக் குறைக்குது, ஆளைக் காப்பாத்துதுன்னு சொல்ல முடியல."

"அப்போ இவ்வளவும் வீணா சாரே?"

"வீணில்ல. இனி அதை நம்பிச் சும்மா இருக்கமாட்டோம். வேற வழி தேடுவோம்."

சலேத்தம்மாள் டாக்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "எதுல மருந்து இருந்துது?" என்றாள்.

"நீலத்துல."

டாக்டர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். தன் புருஷனுக்கு விழுந்தது மாவு. பகவதியப்பனின் மருந்தில் பாதியை வாங்கிக்கொண்டு அவள் கொடுத்தது மாவு. இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. மறுநாள் ஒரு நெய்மீனை ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு சுசீந்திரத்துக்கு பஸ் ஏறினாள்.

முத்துக்கனி மீனை வாங்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்திய?"

"சொல்லாம இருக்க முடியல பிள்ளே. உனக்க புருசனுக்க மருந்தை நான் பறிச்சிட்டேன்."

"ஒன்றரை வருசம் எனக்க கூட இருந்தாரு யக்கா. எந்தப் பாதி இருக்கவச்சுதுன்னு நான் ஆருகிட்ட போய்க் கேக்க?" முத்துக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிவாள்மணையை இழுத்தாள். "இருங்க, குழம்பு வச்சிட்டு வாறேன். தின்னுட்டுதான் போணும்."

தின்றார்கள். பஸ்ஸுக்கு வழியனுப்ப முத்துக்கனியும் கூட வந்தாள். தெப்பக்குளத்துப் பக்கம் நின்றபோது, "அண்ணனுக்குப் பேச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"போன வாரம் குழம்புல உப்பு இல்லேன்னு சொன்னாரு. முழுசாட்டு, தெளிவாட்டு சொன்னாரு. இந்த மூணு வருசத்துல அதுதான் முதல்."

"உப்பு இல்லியா?"

"இருந்துது."

"நீங்க என்ன செய்திய?"

"இன்னும் ரெண்டு கல்லு போட்டேன்" என்றாள் சலேத்தம்மாள். பஸ் வந்தது.