தறி ஷெட்டில் ஒரு பாட்டு அறை

என் தம்பி இறந்து நாற்பது நாள் கழித்து அந்த வேலை வந்தது. சங்கரன்கோவிலில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய ஒன்பது வயது மகளுக்கு ஆட்டிசம். புளியங்குடி சாலையில் ஓடாமல் கிடந்த விசைத்தறி ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் படம், பாட்டு, ஆட்டம் வழியாகச் சிகிச்சை தரும் மையமாக அதை மாற்ற வேண்டும்.

"இந்தப் பிள்ளைகளப் பத்தி ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

தம்பியும் அப்படித்தான். இருபத்தாறு வயது. ஒரு நாள் காலையில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இதை அவரிடம் மறைக்க நினைக்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன்.

டியூப் லைட் வேண்டாம் என்று பிளானில் எழுதினேன். அதன் ரீங்காரம் தம்பிக்கு ஆகாது. ஒவ்வொரு அறைச் சுவரிலும், ஒரு பிள்ளை குனிந்து நுழைந்து உட்காரும் அளவுக்குப் பொந்துபோல ஓர் இடம் விட்டேன். கொத்தனார் பிளானைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என்ன, சாமி மாடமா?"

"இல்ல அண்ணாச்சி. பிள்ளைக உக்காரதுக்கு."

"உள்ள உக்காந்து என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது."

அவர் மறுபேச்சில்லாமல் கட்டினார்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு தவறு செய்தேன். பாட்டு அறையையும் படம் வரையும் அறையையும் ஒரே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பூச்சு வேலை நடந்தபோது ஆசிரியை மகளைக் கூட்டி வந்தார். அவள் படம் வரையும் அறையில் உட்கார்ந்து, தரையிலிருந்த மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாட்டு அறையில் ஒயரிங்குக்காகச் சுவரை வெட்டும் மிஷினை ஓட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அலறினாள்.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். வேலையாட்கள் யாரையும் அருகில் விடவில்லை. நானும் எட்டவே உட்கார்ந்திருந்தேன். அவள் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

"இந்தச் சுவர இடிக்கணும்" என்று ஆசிரியையிடம் சொன்னேன். "பாட்டு அறைய அந்தக் கடைசிக்குக் கொண்டுபோயிருதேன். தப்பு எம்மேலதான்."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எல்லாரும் ஓடி வந்து தூக்கத்தான் பாப்பாங்க. நீங்க கிட்டவே வரலியே. எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

அளவு சொல்வதைப் போலத்தான் சொன்னேன். 'இருந்தான்' என்றது அவருக்கு விளங்கிவிட்டது. மகளின் முடியிலிருந்த மணலைத் தட்டிவிட்டபடி, "வேல முடிஞ்ச பொறவும் சனிக்கிழம தோறும் வாரியளா?" என்றார்.

"வாரேன்" என்றேன். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

மையம் திறந்து எட்டு மாதமாகிறது. திருவேங்கடத்திலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். நான் பெயிண்ட் கலக்கிக் கொடுக்கிறேன், அழுக்குத் தண்ணீரை மாற்றுகிறேன். போன வாரம் ஆசிரியையின் மகள் என் கையை இழுத்து, உள்ளங்கை நிறைய நீலத்தை அப்பி, காகிதத்தில் வைத்து அழுத்தினாள். பெயிண்ட் சில்லென்று இருந்தது. அவளாக விடும்வரை கையை எடுக்கவில்லை.