காலி செய்து வைத்த வீடு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் நான் பில் கலெக்டராகச் சேர்ந்தபோது, தொழிற்பேட்டை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ரூல்ஸ் என்று அச்சில் எது இருந்தாலும் அப்படியே நம்புவேன். சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு வீட்டு வரியில் சலுகை உண்டு. வாடகைக்கு விட்டால் கிடையாது. எங்கள் ஆபீஸ் நடைமுறை இது.

சேர்ந்த கொஞ்ச நாளில் காமாட்சியம்மாள் மேல் ஒரு மனு வந்தது. கணவனை இழந்தவர், பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஓட்டு வீட்டைக் கம்பெனிப் பையன்களுக்கு விட்டுவிட்டுச் சலுகையையும் அனுபவிக்கிறார் என்று பக்கத்து மனைக்காரர் எழுதியிருந்தார். தொழிற்பேட்டை வந்த பிறகு பலரும் அப்படித்தான் செய்தார்கள். முன்வீட்டை வாடகைக்கு விட்டு, பின்னால் சாய்ப்பு இறக்கி, அதில் தாங்கள் இருந்துகொள்வார்கள். நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொல்லி நிர்வாக அதிகாரி என்னை அனுப்பினார்.

நான் வரப்போவது எப்படியோ அங்கே தெரிந்துவிட்டது. முன்வீட்டில் ஒன்றுமே இல்லை. பாய் இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். மூன்று பையன்கள் சாய்ப்பின் வாசலில் கைகட்டி நின்றார்கள். யார் என்று கேட்டேன். தங்கச்சி பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றார் காமாட்சியம்மாள். அதில் ஒருவன் தெலுங்கில் வணக்கம் சொன்னான்.

"முன்வீட்டுல யாரும்மா இருக்கறது?"

"நான்தான் சார்."

"உங்க பாய் எங்கே?"

அவர் சாய்ப்புப் பக்கம் திரும்பினார். பையன்கள் தங்கள் சாமானை ஒளித்த அவசரத்தில், அவருடையதை முன்னால் கொண்டுவந்து போட யாருக்கும் தோன்றவில்லை. "உங்க பாய மறந்துட்டோமே அக்கா," என்றான் ஒருவன் மெதுவாக.

அப்படியானால் இது ஆளில்லாத வீடு, சலுகை போய்விடும் என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஊடு காலி இல்ல நைனா. இவனுங்க குடுக்கற வாடகையிலதான் என் பொண்ணு பத்தாவது படிக்குது. முழு வரி போட்டீங்கன்னா வாடகைய ஏத்தணும். ஏத்துனா இவனுங்க போய்டுவானுங்க. நாங்க பின்னாடி கீறோம், அது சத்தியம்."

அப்போதுதான் இன்னொரு விதியைச் சொன்னேன். வீட்டின் ஒரு பாகத்தில் சொந்தக்காரர் இருந்தால், அந்தப் பாகத்துக்குச் சலுகை நிற்கும். வாடகைக்கு விட்ட பாகத்துக்கு மட்டும்தான் முழு வரி.

அவர் எழுந்து நின்றார். "இத்த வந்தவொடனே சொல்றதுக்கு இன்னா சார்? கட்டிலத் தூக்கினு ரெண்டு தெரு ஓடுனானுங்களே இவனுங்க."

நான் டேப்பைப் பிடித்துச் சாய்ப்பை அளந்துகொண்டிருக்கும்போதே கட்டில் திரும்பி வந்தது. ரிப்போர்ட்டில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். அதிகாரி வீட்டை இரண்டு பாகமாகப் பிரித்து வரி போட்டார். வாடகையை ஏற்ற வேண்டி வரவில்லை; பையன்கள் அங்கேயே இருந்தார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாசலில் நின்றதும் எதற்குச் சலுகை உண்டு, எதற்கு இல்லை என்று முதலில் சொல்லுங்கள். கேள்வியைப் பிறகு கேளுங்கள். நான் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு வரி வசூல் ஒன்றும் குறையவில்லை. கழுவி விட்ட காலி வீடுகளைத்தான் அப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.