கண்ணாடிக் கூட்டுக்கு மூலை மடித்த பேச்சி

பேக்கேஜிங் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த மெஷின் நல்ல மெஷின் என்றுதான். அதை மெஷின் விற்கிறவனே வாய் வலிக்கச் சொல்லுவான். எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு பெண்ணின் கைவேலையைப் பற்றி. சிவகாசியில் பிரிண்டிங்கும் பெட்டி வேலையும் செய்கிற ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, போன வருடம்தான் வெளியே வந்தேன். மாலை மரியாதையோடு வரவில்லை, எரிச்சலோடுதான் வந்தேன்.

சுத்தியலைத் தொடாதவள்

எங்கள் மொதலாளி காலண்டரிலும் பட்டாசு லேபிளிலும் சம்பாதித்தவர். மூக்குக்கண்ணாடி வைக்கிற உசத்தி ரகக் கூடு செய்ய ஆர்டர் கிடைத்ததும், ஆமத்தூர் போகிற வழியில் ஒரு ஷெட் போட்டு அதற்குத் தனி செக்‌ஷன் தொடங்கினார். கூட்டுக்கு உள்ளே மெல்லிய தகரம், மேலே தோல், உள்பக்கம் வெல்வெட். மூடியையும் அடியையும் ஒரு கீல் சேர்க்கும். பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வேனில் பெண்களைக் கூட்டி வந்தார்கள். எல்லாரும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். பேச்சி அவர்களில் ஒருத்தி, முப்பது வயதை ஒட்டியவள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஆலையில் வெடிமருந்து ரூம் வெடித்ததில் தங்கச்சியைப் பறிகொடுத்தவள். இனி மருந்தைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு எங்களிடம் வந்திருந்தாள்.

முதல் நாளே வம்பு வந்தது. கீலுக்கு ரிவெட் அடிக்கச் சொல்லி மேனேஜர் சுத்தியலை நீட்டினார். பேச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்னத்தா, சுத்தியலைப் பாத்தா பயமா?”

“இரும்பை இரும்புல அடிக்கச் சொல்றீக சார். பொறி வந்திரும்ல.”

“இங்கன மருந்தா இருக்கு? தோலும் தகரமும்தான இருக்கு.”

“இல்லைன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே.”

எல்லாரும் சிரித்தார்கள். சாயங்கால வேனோடு போய்விடு, நாளைக்கு வர வேண்டாம் என்றார் மேனேஜர். எனக்கு அவள் பதில் பிடித்திருந்தது. “எங்கிட்ட விடுங்க சார், மூலை மடிக்கப் போட்டுப் பாப்போம்” என்று கேட்டு வாங்கினேன்.

இந்தக் கூட்டில் வேலையே மூலைதான். தட்டையான இடத்தில் தோலை யாரும் ஒட்டலாம். வளைவு வருகிற இடத்தில் தோல் மிச்சமாகும். அதைப் பொடிப்பொடிச் சுருக்காகச் சேர்த்து, சுருக்கு தெரியாமல் உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். மற்றவர்கள் மூங்கில் குச்சியால் அமுக்கினார்கள். அமுக்கினால் தோல் இழுபட்டு வெளுத்துவிடும். பட்டாசு ஆலையில் எதையும் இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். உயிருக்குப் பயந்து பழகிய அந்தப் பழக்கம் பேச்சியின் விரலில் அப்படியே இருந்தது. மருந்து நிரப்பிய குழாயின் வாயை மடிக்கிற மாதிரி தோலைத் தொட்டுத் தொட்டுத்தான் சேர்ப்பாள். அவள் மடித்த மூலையில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்ப்பேன். எங்கேயும் தட்டாது.

பெங்களூரில் இருக்கிற கண்ணாடிக் கம்பெனியிலிருந்து பர்சேஸ் மேடம் வந்தார். சென்னைக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். சாம்பிளை எடுத்து மூலையைக் கட்டைவிரலால் தடவி, “இது யாரு பண்ணது?” என்று கேட்டார். பேச்சியைக் காட்டினேன். “இந்த மூலைக்காகவே எங்க கூட்டுக்குத் தனி விலை வைக்கலாம்” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ‘கையால் செய்தது’ என்று ஒரு கார்டு போனது. பேச்சிக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து ரூமிலிருந்து தப்பிவிட்டோம் என்றே நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மெஷினுக்கு மாலை

அடுத்த வருடம் ஹீட் பிரஸ் மெஷின் வந்து இறங்கியது. மொதலாளி அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார். பேச்சிக்கு அதுவரை யாரும் ஒரு துண்டு கூடப் போர்த்தியதில்லை. நுரை ஷீட்டையும் ரெக்சினையும் சேர்த்து வைத்துச் சூட்டில் அமுக்கினால் கூடு முழுசாக வெளியே வரும். எல்லா மூலையும் ஒரே அச்சு.

நான் மெஷின் கூடு ஒன்றையும் பேச்சி செய்த கூடு ஒன்றையும் என் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் விட்டேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் கூடு மூலையில் வாயைப் பிளந்துகொண்டது. பேச்சி செய்தது அப்படியே இருந்தது. இரண்டையும் கொண்டுபோய் மொதலாளி மேஜையில் வைத்தேன்.

“மாஸ்டரு, வாங்குறவன் கண்ணாடியை எடுத்து மூக்குல மாட்டிருவான். கூட்டையா எடுத்துக் கொஞ்சப் போறான்?”

“கையால செஞ்சதுன்னு கார்டு போடுறோமே, மொதலாளி?”

“மெஷின்ல ஷீட்டைக் கையாலதானய்யா வைக்கிறோம்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இரண்டு கூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்று பெண்களை நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. பேச்சி தீப்பெட்டிக் கம்பெனிகளில் ஏறி இறங்கினாள். பைண்டிங் கடைகளில் கேட்டாள். எங்கும் ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பட்டாசு ஆலைக்கே, அதுவும் மருந்து நிரப்புகிற வேலைக்கே போனாள்.

போட்டோ எடுத்த நாள்

ஒருநாள் மேனேஜர் அந்தப் பெண்களை வேன் அனுப்பிக் கூட்டி வந்தார். கார்டில் போடப் படம் எடுக்க பர்சேஸ் மேடம் போட்டோகிராபரோடு வருகிறார், பழையபடி டேபிளில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். மெஷின் ரூமைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பேச்சி இறங்கி வந்தபோது அவள் விரல்கள் சாம்பலும் வெள்ளியுமாகப் பளபளத்தன.

“என்னத்தா கையி?”

“அலுமினியப் பவுடரு மாஸ்டரு. எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்கு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நா நடிக்க வரல. அந்தம்மாட்ட நேரா கேக்கப் போறேன். எனக்கு இந்த டேபிளு வேணும்.”

“தாராளமா கேளு” என்றேன். மெஷின் விஷயம் மேடத்துக்குத் தெரியாது, தெரிந்தால் விட மாட்டார் என்று மேனேஜர் உட்பட நாங்கள் எல்லாருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

போட்டோகிராபர் பேச்சியின் கைக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோய், “மேடம், விரலெல்லாம் சில்வரா இருக்கு” என்றார். மேனேஜர் கிளவுஸ் எடுக்க ஓடினார். “கிளவுஸ் போட்டா கைவேலைன்னு எப்படித் தெரியும்?” என்று மேடம் தடுத்தார். பேச்சி எழுந்து நின்றாள்.

“தாயி, இது பட்டாசு மருந்து. எங்களை இங்கன நிப்பாட்டிட்டாக. மெஷினு வந்திருச்சு, அந்தா அந்த ரூமுலதான் பூட்டி வச்சிருக்காக. நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா நா திரும்ப மருந்து ரூமுக்குப் போக வேண்டாம்.”

மேனேஜரின் முகம் செத்துப்போனது. சாவியைக் கேட்கப் போகிறார் என்று நான் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

“மெஷின் எனக்குத் தெரியும்மா. போடச் சொன்னதே நாங்கதான். லோடு டைமுக்கு வரணும் இல்லையா?” அப்புறம் போட்டோகிராபர் பக்கம் திரும்பினார். “கை கழுவிட்டு வரட்டும். போகலைன்னா பிளாக் அண்ட் வொயிட்ல போட்டுக்கலாம்.”

பேச்சி கழுவினாள். பவுடர் போகவில்லை. உட்கார்ந்து மூலையை மடித்தாள். வேண்டுமென்றே கெடுப்பாள் என்று எதிர்பார்த்தேன், கெடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் எப்போதும் போலத்தான் மடித்தாள். படம் எடுத்து முடிந்ததும் மேடம் அந்தக் கூட்டைக் கையில் எடுத்து மூலையைத் தடவிப் பார்த்தார்.

“இதை நான் வச்சுக்கறேன்” என்று தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது பேச்சியைப் பார்க்கப் போனேன். அவளே பேசினாள்.

“கேட்டுட்டேன்ல மாஸ்டரு. கேக்காம போயிருந்தா, கேட்டிருக்கலாமோன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்திருக்கும்.”

“நாளைக்கு?”

“காலைல ஆலை வேன் வந்திரும்.”

கொஞ்ச நாளில் நானும் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கார்டில் இப்போது அவள் கை கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. மெஷினில் வந்த கூட்டுக்குள் அந்தக் கார்டைத்தான் வைக்கிறார்கள்.

வேலையின் அருமை தெரியாதவர்களால்தான் கைவேலைக்கு மதிப்புப் போகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது தப்பு. அந்த மேடத்துக்கு அருமை நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் நல்லதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். நாளைக்கு நீங்கள் ஒரு கம்பெனியில் பொறுப்புக்கு வந்து, கார்டில் ஒரு கையின் படம் போடச் சொன்னால், அந்தக் கைக்கு உங்களிடம் வேலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேச்சி இன்றைக்கும் மருந்துதான் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.