கைக்குத் தட்டுப்படாத சேசிஸ் எண்

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் தன் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு இப்படித்தான் தொடங்குகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலேயே பணிக்காலத்தைக் கழித்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பிரிவை மேசைக்கு உள்பக்கமிருந்து நன்றாக அறிவேன். என்னை வெளிப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியவள் என் மனைவி.

ஓசூரில் லாரி கேபின் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் அவள் இன்ஸ்பெக்டராக இருந்தாள். ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், அல்லது சர்க்கரைக்கு நடப்பார்கள். இவள் பெங்களூரில் ஒரு காபித் தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஜப்பானியக் கூப்பே கார் ஒன்றை வாங்கினாள். நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, இரண்டே கதவு. அதைச் செப்பனிட்டு ஓட்டுவது அவள் நோக்கமில்லை. பெங்களூரில் நடக்கும் கார் ஷோவில் நிறுத்த வேண்டும்.

முறைப்படி ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொண்டேன். கர்நாடகத்தில் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டில் மறுபதிவு, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதி. கிரீம் நிறம் கரும்பச்சையாக அனுமதி. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளை அகலமாக்க அனுமதி. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதி, ஒப்புதல் வந்த பிறகே தகரத்தில் கைவைக்க விட்டேன். என்னைப் போல் ஒரு விண்ணப்பதாரர் பணிக்காலத்தில் ஒருமுறைகூட எனக்கு வாய்த்ததில்லை.

வேலை நடந்தது கெலவரப்பள்ளி அணைப் பக்கம், ரோஜாத் தோட்டக்காரர் ஒருவர் பூக்கட்டு வைத்திருந்த கூடத்தில். குளிர்ச்சி, தூசி வராது. வேலை செய்தவர் என் மனைவிக்குக் கீழே குறை திருத்தும் ரீவொர்க் வேலை பார்த்த சிவகங்கைக்காரர், வார விடுமுறைகளில் வருவார். பெயிண்ட் ஷாப்பில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையுறை போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையைத் தகரத்தின் மேல் ஓட்டுவார்கள். கை எங்கே தடுக்கிறதோ அங்கே குறை. தடுக்காத வரைக்கும் தேய்க்க வேண்டும்.

பானட்டைத் திறந்தால் இன்ஜினைத் தவிர எதுவும் கண்ணில் படக் கூடாது என்றாள். ஷோவில் அதுதான் பெருமையாம். ஒயர்கள் தகரத்துக்குப் பின்னால் போயின. பழைய ஓட்டைகள் வெல்டு வைத்து அடைக்கப்பட்டன. இன்ஜினுக்குப் பின்னால் நிற்கும் சுவருக்கு ஃபயர்வால் என்று பெயர். அதை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கரும்பச்சைக் கண்ணாடி போல் இருந்தது. என் முகமே அதில் தெரிந்தது. அந்த முகம் மெல்ல வெளிறியதையும் அதிலேயேதான் பார்த்தேன்.

"இங்க வலது பக்கம் ஒரு நம்பர் இருந்துச்சே?"

"எது சார், அந்தக் குழி குழியா இருந்ததா?" என்றார் சிவகங்கைக்காரர். "அதுதான் சார் உசிர வாங்கிருச்சு. கைல தட்டிக்கிட்டே இருந்துச்சு. பட்டி வச்சா நாளைக்கு வெடிச்சிரும்னு வெல்டு வச்சே நெரவிட்டேன். இப்ப கைய வச்சுப் பாருங்க."

"அது சேசிஸ் நம்பர்ய்யா!"

"நம்பர் கடைசிலதானே சார் அடிப்பாங்க? நம்ம ஷாப்புக்கு வர்ற கேபின் ஒண்ணுலயும் நம்பர் இருக்காதே. பெயிண்ட் முடிச்சு, ஃப்ரேம்ல ஏத்தி, அதுக்கப்புறம்ல அடிப்பாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஆமாங்க," என்றாள், சந்தேகமே இல்லாமல். "எங்ககிட்ட வர்றப்ப இருக்காது."

பூக்கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அது நசுங்கியது. எண் இல்லாத வண்டி சட்டத்தின் கண்ணில் வண்டியே இல்லை. திருட்டுச் சொத்து, அல்லது இரும்பு. இத்தனை அனுமதிகளுக்குப் பிறகு, அனுமதி கேட்க யாருக்கும் தோன்றவே தோன்றாத ஒன்றைச் செய்திருந்தார்கள். அதுவும் மிக நேர்த்தியாக.

அவர் ஆறுதல் சொன்னார். "பென்சில் பிரிண்ட் உங்ககிட்ட இருக்குல்ல சார்? எங்க டூல் ரூம்ல நம்பர் அடிக்கிற பஞ்ச் செட்டு கிடக்கு. டீ ஆறுறதுக்குள்ள அடிச்சுத் தந்துர்றேன்."

"அடிச்சா நீ குற்றவாளி. அடிக்கச் சொன்னா நான்."

"திருட்டு வண்டிக்கு அடிச்சாத்தானே தப்பு?" என்றாள் மனைவி. "நம்ம வண்டி, நம்ம நம்பர்."

"சட்டத்துல அப்படி வித்தியாசம் கிடையாது."

"அப்போ அந்தச் சட்டத்துக்கே எழுதிப் போடுங்க. நான் கேக்கச் சொன்னேன்னு."

எழுதினேன். நடந்ததை மறைக்காமல், பென்சில் பிரதியை இணைத்து, அதே எண்ணை மீண்டும் பொறிக்க அனுமதி வேண்டி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்த உதவியாளர் மனுவைப் படித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்பர் அழிஞ்சுபோச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க சார்."

"ஆமாம்."

"இனிமே நாங்க ஒண்ணு பர்மிஷன் குடுக்கணும், இல்ல வண்டியத் தூக்கணும். சும்மா இருக்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "இதுக்கெல்லாம் யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க சார். நீங்க எந்த ஊர்ல வேலை பாத்தீங்க?"

சும்மா இருக்க முடியாது என்றவர்கள் அதன் பிறகு வெகு நாள் சும்மாதான் இருந்தார்கள். இடையில் ஓர் ஆய்வாளர் வந்தார். டார்ச் அடித்து, குனிந்து, ஃபயர்வாலில் விரலை ஓட்டினார். "செம ஃபினிஷிங் மேடம்," என்றார். 'எண் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பாராட்டு அறிக்கையில் ஏறியதாகத் தெரியவில்லை.

அணையில் கழிவுநீரின் நுரை பொங்கி அடங்கியது. வண்டி துணி போர்த்தி நின்றது. கூடத்துக்கு வெளியே ஏதாவது ஜீப் நின்றால், மனைவி பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அனுமதியா, பறிமுதலா, எது வரும் என்று எனக்கே தெரியாது. அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

"நீங்க சீட்டுல இருந்தப்ப, இந்த மாதிரி மனுவுக்கு எப்போ பதில் போடுவீங்க?"

"விதிப்படி..."

"விதிய கேக்கல."

பெங்களூர் ஷோ நெருங்கியது. நம்பர் இல்லாத வண்டியை லாரியில் ஏற்றினாலும் சோதனைச் சாவடியில் ஒரு கேள்வி போதும் என்றேன். வாதாடுவாள் என்று நினைத்தேன். ஷோக்காரர்களுக்குப் போன் போட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாள். அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிலிருந்தும் பெயரை எடுத்ததில்லை.

ஷோ நடந்த ஞாயிறு, போர்வையை விலக்கி வண்டியைத் துடைத்தாள். சிவகங்கைக்காரர் மனைவியுடன் வந்தார். அந்த அம்மாள் வண்டியைச் சுற்றி வந்து, பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரி, இதுக்கு நம்பர் எப்ப போடுவாங்க?" என்று கேட்டார். முதலில் சிரித்தது என் மனைவிதான்.

"கடைசிலதாம்மா," என்றாள். "இவரு உசிரோட இருந்தா."

நவராத்திரி வந்தது. ஆயுத பூஜைக்கு அலுவலகங்களில் பீரோக்களைத் துடைப்பார்கள். கோப்புகள் கண்ணில் படும் காலம் அது ஒன்றுதான். நானும் அப்படிச் சில கோப்புகளைக் கண்டெடுத்தவன். உதவியாளர் போன் செய்தார். "சார், உங்க ஆர்டர் ரெடி. வந்து வாங்கிக்கங்க. பொரி கடலையும் இருக்கு."

உறையைப் பிரிக்காமலேயே, பொரிப் பொட்டலத்தோடு கூடத்துக்கு எடுத்துப் போனேன். உறையின் மூலையில் சந்தனம் ஒட்டியிருந்தது. மனைவி நின்றபடியே படித்தாள். அனுமதி. ஆய்வாளர் முன்னிலையில், எண் இருந்த அதே இடத்தில் பொறிக்க வேண்டும்.

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துலதான்."

பானட்டைத் தூக்கி, உள்ளங்கையை அந்த வலது மூலையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஓட்டினாள். இனி அந்தக் கை அங்கே தடுக்கும்.

"சுத்தியல்லதானே அடிப்பாங்க?"

"ஆமாம்."

"ஒவ்வொரு எழுத்தும் ஒரே அடி. அதுக்கு மேல அடிச்சா சுத்தி பெயிண்ட் வெடிக்கும். அத இப்பவே அவங்களுக்கு எழுதிக் குடுத்துருங்க." பொரிப் பொட்டலத்தைப் பிரித்து, ஆணையை என்னிடம் நீட்டினாள். "பதில் வந்த தேதியும் மேல போட்டு வைங்க. உங்க வழக்கம்தானே அது."

போட்டேன்: ஆயுத பூஜைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை.